தெய்வசிகாமணி, 1991

மணி இரண்டேகால் இருக்கும். மோர்க்குழம்பைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றிக்கொண்டு மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு, தெய்வசிகாமணி கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார். இன்றைக்கு ஊர் உலகத்து மடையர்கள் எந்த எந்த ஈயைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள், பார்ப்போம். அறுபத்தேழு வயசு. செத்த பூச்சிகளைப் பாதுகாக்கிற ஒரு அரசாங்க நிறுவனத்தில் முப்பத்துமூன்று வருஷம் ஈப் பிரிவில் குப்பை கொட்டியாயிற்று. ஏழு வருஷமாகப் பெரம்பூரில் இந்த ரெண்டாம் மாடி ஃப்ளாட், இந்த மேஜை, கடகடவென்று அரைக்கிற இந்த மின்விசிறி. பொதுஜனம் பூச்சிப் படம் போட்டால் தெரிந்தவர்கள் பேர் சொல்லுகிற ஒரு வலைத்தளம் இருக்கிறது. அதில் சின்ன ஒட்டுண்ணி ஈக்களுக்கு அவர்தான் பொறுப்பாளர். அதாவது மிளகில் பாதிகூட இல்லாத ஈக்கள். எறும்பு, கரையான், வண்டு என்று கிடைத்த உடம்பில் முட்டையை வைத்துவிட்டுப் போகும். புழு உள்ளேயிருந்தே சாவகாசமாகத் தின்றுகொண்டு வரும். சம்பளம் கிடையாது. காலை வாரி விடுகிற வேலைக்குச் சம்பளம் எதற்கு? ஒரு நாளைக்கு இருபது பேரையாவது மட்டம் தட்டாவிட்டால் அவருக்குச் சாப்பிட்டது செரிக்காது.

பேர் வேணுமாம் இவன்களுக்கு. பொண்ணு பிறந்தவுடனே ஜோசியக்காரனிடம் ஓடுகிற மாதிரி ஓடிவந்து, சார் இது என்ன இனம், சார் அர்ஜென்ட். முதுகிலே எத்தனை முடி, காலிலே எந்தப் பக்கம் முடி, ஆணாக இருந்தால் பின்பக்கத்தை வெட்டி வைத்துப் பார்த்து அதிலே எத்தனை கொக்கி, இதெல்லாம் எண்ணினால்தான் பேர். முப்பது வருஷம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து குனிந்து கழுத்து எலும்பு தேய்ந்து போனவனுக்கே ஒரு ஈக்கு ரெண்டு நாள் ஆகும். இவன் காலையில் வாக்கிங் போனானாம், இலையிலே உட்கார்ந்திருந்ததாம், எடுத்தானாம். கோயம்புத்தூரில் ஒரு பல் டாக்டர். ரெண்டு லட்ச ரூபாய்க்கு லென்ஸ் வாங்கி வைத்திருக்கிறான். ஈயை விடப் பெரிசாகத் தன் பேரைப் படத்தின் குறுக்கே எழுதுவான். போன மாதம் ஒருத்தன் கடுகைப் படம் பிடித்துப் போட்டான். நூல் ஒட்டியிருந்த கடுகு. கால் என்று நினைத்துக்கொண்டான் பாவி. தெய்வசிகாமணி அதற்கு எழுதின பதில்: கடுகு. தாளிக்கவும். அதற்கு நாற்பது பேர் சிரித்துக் குறி போட்டார்கள். அந்த நாற்பது பேரையும் அவருக்குப் பிடிக்காது. அதில் முப்பது பேராவது அதுவரை அதை ஈ என்றுதான் நினைத்திருப்பான்கள். இன்றைக்கும் அதே கும்பல்தான். மங்கல், தட்டு. மங்கல், தட்டு. இது குளவி, ஈயே இல்லை, தட்டு. இது பல் டாக்டர், பார்க்காமலேயே தட்டு. அடுத்த படம் வந்தது. தட்டப் போன விரல் நின்றது.

பிரம்மசக்தி டெய்லர்ஸ், திருக்குறுங்குடி. போட்டவர் பேர் அப்படித்தான் இருந்தது, பக்கத்தில் சின்னதாக ஒரு பொம்பளை முகம். அடியிலே தமிழில் ஒரு வரி: வாசப்படி ஓரம் எறும்பு பக்கத்துல பாத்தது, என்ன பூச்சின்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. கிளிப் மாதிரி மாட்டுகிற மலிவு லென்ஸைப் போனில் மாட்டி எடுத்த படம், ஓரமெல்லாம் வளைந்திருந்தது. மூலையிலே நீல நூல் துண்டு ஒன்று கயிறு மாதிரி கிடந்தது. ஆனால் நடுவிலே? நடுவிலே துடைத்துவிட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது. முதுகு கூனின ஒரு ஈ. ஆண். சிறகு இருக்கிறது. அது தன் வயிற்றுக்கடியில் இன்னொன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த இன்னொன்றுக்குச் சிறகு இல்லை. தட்டையாக, கரப்பான் குஞ்சு மாதிரி, பார்த்தால் ஈ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தெய்வசிகாமணி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படத்தைப் பெரிசாக்கினார். ஆணின் பின்னங்காலில் சீப்புப் பல் மாதிரி ஒரு வரிசை முடி. வயிற்றின் மூன்றாம் வளையத்தில் வெளிறின அரை வட்டம். அந்தக் காலை அவர் ஆயிரம் தரம் பார்த்திருக்கிறார், பேனாவைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு முடியாக வரைந்திருக்கிறார். இது அவருடைய ஈ. அவர் பேர் வைத்த ஈ. படத்தை வைத்துப் பேர் சொல்ல முடியாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவருக்கு ஒரு விநாடி ஆகவில்லை. கீழே இருக்கிற அந்தச் சிறகில்லாத சனியனையும் தெரியும். அதுதான் தொல்லை.

பேர் என்றால் என்ன என்று இந்தப் பயல்களுக்குத் தெரியுமா? ஒரு பூச்சிக்கு முதல்முதலில் பேர் வைத்து அச்சில் போட்டால், அந்தப் பேருக்குப் பின்னால் வைத்தவன் பேரும் வருஷமும் ஒட்டிக்கொள்ளும். உலகத்தில் எவன் அந்த ஈயைப் பற்றி எந்த மூலையில் எழுதினாலும் தெய்வசிகாமணி, 1991 என்று சேர்த்துத்தான் எழுதவேண்டும். பிடித்தாலும் எழுதணும், பிடிக்காவிட்டாலும் எழுதணும். முப்பத்துமூன்று வருஷத்தில் அவர் பேர் வைத்தது அந்த ஒன்றுக்குத்தான். மற்றதெல்லாம் மேலே இருந்தவர்கள் வாயில் போட்டுக்கொண்டார்கள். இவர் முடி எண்ணுவார், டைரக்டர் கையெழுத்துப் போடுவார். டைரக்டருக்கு ஈக்கும் எள்ளுக்கும் வித்தியாசம் தெரியாது. இந்த ஒன்று மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்தது, மனுஷன் அப்போது பைபாஸ் செய்துகொண்டு படுத்திருந்தான். ஆண் ஈக்களை மட்டும் வைத்து எழுதின கட்டுரை, ஏழு பக்கம். அந்தச் சிறகில்லாததற்கு அதற்கு எண்பது வருஷத்துக்கு முந்தியே ஒரு வெள்ளைக்காரன் பேர் வைத்துவிட்டான். லண்டனில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவன்; யாரோ துரை மலையடிவார பங்களாவில் பொறுக்கி அனுப்பினதைப் பார்த்து வைத்த பேர். அதுவும் பெண் ஈக்களை மட்டும் வைத்து. ஆணைக் கண்டவர் இல்லை என்று அவனே எழுதியிருக்கிறான். ஆணும் பெண்ணும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத முகமாக இருக்கிற கும்பல் இது. ஆள் ஆளுக்கு ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டு பேர் வைத்தாயிற்று. இப்போது இந்தத் தையல்காரி ரெண்டு பாதியையும் ஒரே படத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள், ஜோடியாக, கையும் களவுமாக. ஒரே இனம் என்றால் பழைய பேர்தான் நிற்கும். புதுப் பேர் செல்லாது. அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில், தவறுதலாக வைக்கப்பட்ட பேர் என்று போட்டு மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள்.

"ஏங்க, காபி இப்பவா, அப்புறமா?" என்று சுலோச்சனா அடுப்படியிலிருந்து கேட்டாள். அவர் பெண்டாட்டி. நாற்பது வருஷமாக அவர் என்ன வேலை பார்த்தார் என்று யாராவது கேட்டால், ஏதோ ஈ ஓட்டினார் என்று சிரிக்காமல் சொல்கிறவள். அப்புறம் என்றார். தெரியாமல் செய்ததா? அதைச் சொல்லு முதலில், என்று உள்ளே ஒன்று கேட்டது. தெரியாமல்தான். ஆண்களை மட்டும்தானே பார்த்தேன். ஆண்களை மட்டும்தான் பார்த்தாயா? களக்காட்டு மலையடிவாரம், எண்பத்தொன்பது, தை மாசம், காலில் முள் ஏறி வீங்கியிருந்தது. எறும்புப் புற்றை மண்வெட்டியால் கொத்தி வெள்ளைத் துணியில் உதறினபோது ஆண்கள் பதினொன்று கிடைத்தது. அதே துணியில், அதே உதறலில், சிறகில்லாதது நான்கு. அதே புற்று. அதை எடுத்து ஒரு சின்னச் சீசாவில் ஸ்பிரிட்டில் போட்டது யார்? லேபிளில் இனம் தெரியவில்லை என்று எழுதினது யார் கையெழுத்து? அந்த வெள்ளைக்காரனின் பழைய விவரணையோடு ஒப்பிட்டுப் பார்க்க அரை நாள் போதும். அரை நாள் இல்லாமலா போயிற்று. கேன்டீனில் வடை ஊசிப்போய்விட்டது என்று சண்டை போட்டதற்கே முக்கால் நாள் கிடைத்ததே. அந்தச் சீசாவை அலமாரியில் பின் வரிசையில், தெள்ளுப்பூச்சிச் சீசாக்களுக்குப் பின்னால், யாரும் கை விடாத இடமாகப் பார்த்து வைத்தாயே, அது என்ன தெரியாத்தனம். பாச்சை உருண்டை வாசனை மூக்கில் அடித்தது. இங்கே ஏது பாச்சை உருண்டை. மின்விசிறி அரைத்தது. எட்டுத்திக்கும் விரோதிகள் என்று நினைத்துக்கொண்டு பைலைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போன சாயங்காலங்கள். ஒருத்தனும் வரவில்லை. ஒருத்தனுக்கும் அக்கறை இல்லை. அதுதான் கேவலம், யாரும் சந்தேகப்படக்கூட இல்லை.

சரி, படம் சாட்சி ஆகுமா? ஆகாது. அவர் வாயால் ஆயிரம் பேருக்குச் சொன்னதுதானே. சிறகுள்ள ஒன்று சிறகில்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். தவறாகக் கூட ஏறியிருக்கலாம்; ஈக்களுக்கு விவஸ்தையா இருக்கிறது. உடம்பு வேண்டும், வெட்டிப் பார்க்க வேண்டும். அப்படியானால் ஏன் படத்தைத் திரும்பத் திரும்பப் பெரிசாக்குகிறாய்? கண் தெரியவில்லை, வயசு. உடம்பு வேண்டும் என்றால் அந்தப் பொம்பளையிடம் கேளேன், வாசப்படியிலேயே இருக்கிறதே, நாலைப் பிடித்து அனுப்பம்மா என்றால் அனுப்ப மாட்டாளா? கேட்பதாவது. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொள்ள அவருக்கென்ன பைத்தியமா. டென்மார்க்கில் ஒருத்தன் இருக்கிறான், இதே ஈக்களில் ஊறினவன், நம்முடைய நாலரை மணிக்குத் தினமும் வந்து உட்காருவான். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்வான். நாகரிகமாக, சிரித்த முகமாக, அன்புள்ள தெய்வசிகாமணி, இது சுவாரசியமாக இல்லையா என்று எழுதுவான். அந்தச் சிரித்த முகத்தை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது. பொறுப்பாளர் இவர்; மேற்கொண்டு இனம் சொல்ல முடியாது என்று இவர் குறி போட்டுவிட்டால் படம் பட்டியலிலிருந்து கழன்று கிடங்குக்குப் போய்விடும். கிடங்கில் மூன்று லட்சம் படம் கிடக்கிறது. எவனும் திறப்பதில்லை. மணி மூன்றடிக்கப் பத்து. அவருக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது, வேண்டாத நேரத்தில் வரும் இதெல்லாம். கூட வேலை பார்த்த நல்லதம்பி போன வருஷம் செத்தார். பன்னிரண்டு தெள்ளுப்பூச்சிக்குப் பேர் வைத்த மனுஷன். சாவு வீட்டில் அக்கா மகன் ஒருத்தன் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான், மாமா ஏதோ கவர்ன்மென்ட் ஆபீஸ்ல இருந்தாருங்க. பன்னிரண்டு இருந்தவனுக்கே அந்தக் கதி. ஒன்றே ஒன்று வைத்திருக்கிறவன் அதையும் ஒரு ரவிக்கை தைக்கிறவள் கையில் கொடுத்துவிட்டு என்ன செய்வது, மல்லாந்து படுத்துக்கொண்டு விசிறியைப் பார்ப்பதா? பயமாக இருந்தது. ஈயைப் பற்றின பயமில்லை. மகன் இருக்கிறான் ஹைதராபாத்தில், அவனுக்கு அப்பா பேர் ஒரு ஈயின் பின்னால் இருப்பது தெரியும், ஒரு தரம் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பிலே கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தக் கொஞ்சம்தான் அவருக்கு இருந்த ஆஸ்தி.

குறி போட்டார். போட்டதோடு நிறுத்தியிருக்கலாம். விரல் சும்மா இருந்தால்தானே. பதில் பகுதியில் எழுதினார்: படம் தெளிவாக இல்லை. இதை வைத்து எதுவும் சொல்ல இயலாது. தெரியாத பூச்சிகளைப் போனில் எடுத்துப் போட்டு மற்றவர்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம். எழுதி அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். தெளிவாக இல்லையாம். இவ்வளவு தெளிவான படத்தை அந்த ரெண்டு லட்ச ரூபாய் பல் டாக்டர் தன் ஆயுசில் எடுத்ததில்லை. அவருக்கு அது நன்றாகவே தெரிந்தது. ஒரு தடவை கடைசியாகப் பார்த்துவிடலாம் என்று பக்கத்தைத் திரும்பத் திறந்தார். படம் இல்லை. பதிவு நீக்கப்பட்டது என்று ஒரு வரிதான் இருந்தது. அட, கழுதை அவளே எடுத்துவிட்டாளா. கிடங்குகூட வேண்டாம் என்று ஆகிவிட்டது. அவருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பக்கத்தை இன்னொரு தரம் திறந்து பார்த்தார், அதே ஒரு வரிதான். அப்போது போன் அடித்தது. பொறுப்பாளர் என்று வலைத்தளத்தில் அவர் நம்பர் போட்டிருந்தது, எவனாவது கூப்பிட்டால் திட்டுவதற்கு வசதியாக.

"சார், வணக்கம் சார். நான் திருக்குறுங்குடியிலருந்து பிரம்மசக்தி பேசுதேன். தையக்கட வச்சிருக்கேன். இப்ப ஒரு படம் போட்டிருந்தம்லா, அதுக்கு நீங்க எழுதியிருந்தீங்க."

"ம்."

"மன்னிச்சிருங்க சார். எடுத்துட்டேன். போன்லயும் அழிச்சிட்டேன், அதுல எடமே பத்த மாட்டேங்கு. உங்க நேரத்த வீணாக்கிட்டமேன்னு மனசுக்கு ஒரு மாதிரி ஆயிட்டு."

"சரி, பரவாயில்ல."

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடட்டுமா சார்?"

வேண்டாம் என்று வைத்திருக்கலாம். தினமும் எத்தனை பேருக்கு வைத்திருக்கிறார். காதில் தையல் மெஷின் ஒன்று ஓடி நிற்கிற சத்தம் கேட்டது, யாரோ உதவிக்கு ஆள் வைத்திருக்கிறாள் போலிருக்கிறது. கேளுங்க என்றார்.

"அது ரெண்டும் சோடிதான சார்? நான் அர மணி நேரம் குத்தவச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். றெக்க உள்ளது, றெக்க இல்லாததத் தூக்கிக்கிட்டுப் பறந்துச்சு. பறந்து போயி எறும்புப் பொந்து வாசல்ல எறக்கி விட்டுச்சு. அது உள்ள போற வரைக்கும் இது அங்கனயே நின்னுச்சு சார். புருசன் பொண்டாட்டியாத்தான் இருக்கும்னு எங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னேன், அவரு சிரிக்காரு. பேரெல்லாம் எனக்கு எதுக்கு சார். அத மட்டும் சொல்லிருங்க."

நூற்றுப் பத்து வருஷமாக யாரும் பார்க்காதது. லண்டன்காரன் பார்த்ததில்லை, டென்மார்க்காரன் பார்த்ததில்லை. ஆண் தூக்கிக்கொண்டு போய்ப் பொந்து வாசலில் இறக்கிவிடுகிறதா? அதனால்தான் அவளுக்குச் சிறகு தேவைப்படவில்லையா? உள்ளே போய் எறும்புப் புழுவில் முட்டை வைக்கவேண்டியதுதான் அவள் வேலை, கொண்டுவந்து விடுவது இவன் வேலை. எவ்வளவு நேர்த்தி. முப்பத்துமூன்று வருஷத்தில் அவர் அந்த ஈயை உயிரோடு அரை மணி நேரம் பார்த்ததே கிடையாது. ஸ்பிரிட்டில் விறைத்துக் கிடந்ததைத்தான் பார்த்தார், முடியை எண்ணினார். சேலையை இடுக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தவள் பார்த்துவிட்டாள், பார்த்த உடனே ஜோடி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆமாம்மா என்று ஒரு வார்த்தை. சொன்னால் என்ன? படமே இல்லையே, யாருக்குத் தெரியப் போகிறது. அவளும் அவள் வீட்டுக்காரரும் தெரிந்துகொண்டால் குடியா முழுகிப்போகும். ஆனால் இவள் விட மாட்டாள். நாளைக்கே இன்னொரு ஜோடி வரும், இன்னும் தெளிவாக எடுப்பாள், சார் ஆமான்னு சொன்னாங்க என்று எழுதிப் போடுவாள்.

"இல்லம்மா," என்றார்.

"இல்லியா சார்?"

"ரெண்டும் வேற வேறம்மா. சும்மா ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும். அதுங்களுக்கு ஒண்ணும் சம்பந்தம் கிடையாதும்மா."

அந்தப் பக்கம் தையல் மெஷின் மறுபடி ஓடியது.

"அப்ப நான்தான் தப்பாப் பாத்துருக்கேன்," என்றாள்.

"ஆமாம்மா."

"சரிங்க சார். நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். இம்புட்டுப் பெரிய ஆளு, என்னையும் மதிச்சுப் பேசுனீங்களே, அதுவே போதும் சார். வச்சிருதேன்."

போன் அணைந்தது. அவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது, காது வரை சுட்டது. பல் டாக்டரை, கடுகுக்காரனை, டைரக்டரை, எவனையும் அவர் இவ்வளவு கேவலமாக நினைத்ததில்லை. திரும்பக் கூப்பிடலாம், நம்பர் இருக்கிறது. விரல் அந்த நம்பர் மேல் போய் நின்றது. நின்றது, அவ்வளவுதான். சுலோச்சனா காபியைக் கொண்டுவந்து கீபோர்டு பக்கத்தில் வைத்தாள்.

"யாருங்க போன்ல? அம்மா அம்மான்னு இவ்வளவு தன்மையாப் பேசறீங்க. கல்யாணமானதுலேர்ந்து என்கிட்டகூட இப்படிப் பேசினதில்ல."

"ஒரு டெய்லர்."

"டெய்லரா? உங்ககிட்ட என்ன வேணுமாம்?"

அவர் காபியை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"ஒண்ணும் வேண்டாமாம்," என்றார்.